முப்பத்திரண்டாவது உறை

பிப்ரவரி 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினோரு வருடமாக இந்த ஏற்காட்டு மலைப் பயிற்சிக் கழகத்தில் முப்படை அதிகாரிகளுக்கு ஆய்வு முறையியல் கற்பிக்கிறேன். தலைமைத்துவமும் பன்னாட்டு உறவுகளும் என்று ஒரு முதுகலைப் பட்டம். அதற்கு ஆளுக்கொரு ஆய்வேடு. இந்த ஆண்டு ஐம்பத்திரண்டு பேர். ஐம்பத்திரண்டு கருதுகோள்களும் நிரூபணமாகிவிட்டதாக வகுப்பில் சொல்லிக்கொள்கிறார்கள். கருதுகோள் என்பது பிடிக்க வேண்டிய ஒரு குன்று என்றுதான் இவர்களுக்குப் படுகிறது. பிடிக்காமல் திரும்பினால் அவமானம். உலகத்தில் எந்தப் படைக்கும் ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டு வெற்றி கிடைத்ததில்லை.

எல்லா ஆய்வேட்டின் முறையியலையும் படித்துச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவன் நான். இத்தனை வருடமும் போட்டுக் கொடுத்துவிட்டேன். இந்த முறை ஒன்று கையில் அகப்பட்டிருக்கிறது. தேதி போட்டு எழுதிவைக்கிறேன். பின்னால் யாராவது கேட்டால் சான்று வேண்டும்.

லெப்டினன்ட் கர்னல் சுகுமாறன். தரைப்படை. வேலூர்ப் பக்கம். வெளிநாட்டு அமைதிப்படைப் பணிக்குப் போன சிப்பாய்கள் தங்கள் அதிகாரிகளை எவ்வளவு நம்பினார்கள் என்பது தலைப்பு. தன் பழைய பட்டாலியனுக்கு 212 வினாப்படிவம் அனுப்பினார். 212-ம் திரும்பி வந்திருக்கின்றன. அட்டவணை 4.2. ஒரு கேள்விகூட விடுபடவில்லை.

கல்யாண மண்டபத்தில் இலை போட்டு உட்காரவைத்து, எழுதினால்தான் சோறு என்று சொன்னாலும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுத மாட்டார்கள்.

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

பென்ஜமினிடம் சொல்லி 212 படிவங்களின் கட்டை அறைக்கு வரவழைத்தேன். பென்ஜமின் ஓய்வுபெற்ற சுபேதார். நூலகமும் ஆய்வேட்டுப் பிரிவும் இப்போது அவர் பொறுப்பு. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கட்டைக் கொடுத்தார்.

பொய்ப் படிவம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிஜ ஆள் ஏழாவது கேள்வியில் சலித்துப்போவான். பத்தாவதில் கட்டத்துக்கு வெளியே டிக் அடிப்பான். நடுவில் ஒரு கேள்வியை விட்டுவிடுவான். விட்டதைக் கவனிக்கக்கூட மாட்டான். எண்ணெய்க் கை படும், மடிப்பு விழும். பொய்யன் சலிக்கமாட்டான். ஒன்றையும் விடமாட்டான். ஐந்தில் ஒன்று கொஞ்சம் மாறுதலாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து டிக் போடுவான். அவ்வப்போது பேனாவை மாற்றுவான்.

இங்கே எல்லாம் ஒரே நீல மை. சொந்த வரிகளில் எழுத வேண்டிய பதினான்காம் கேள்வி, நாற்பத்து மூன்று படிவங்களில் ஒரே கையெழுத்து. இவருக்குப் பேனா மாற்றக்கூடத் தெரியவில்லை.

டீ கிளாஸ் வைக்க எதுவும் அகப்படவில்லை. செப்டம்பரில் சுகுமாறன் முன்சோதனைக்கென்று ஆசிரியர்கள் இருபது பேருக்கும் இதே படிவத்தைக் கொடுத்திருந்தார், அஞ்சல்தலை ஒட்டிய உறையோடு. என்னுடையது அப்படியே கிடந்தது. அதன்மேல் வைத்தேன். அதற்கு அடியில் அவருடைய ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்கள். நான்கிலேயே ஆள் மாட்டிக்கொண்ட பிறகு ஐந்தையும் ஆறையும் படிப்பானேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மெஸ் வராந்தாவில் வசுந்தராவும் சுகுமாறனும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது.

வசுந்தரா துறைத் தலைவர். சுகுமாறனுக்கு வழிகாட்டியும் அவர்தான். பல்கலைக்கழகத்தில் எனக்கு மூன்று வருடம் இளையவர். அப்போது என்னை 'அண்ணா' என்பார். தலைவரான நாளிலிருந்து 'சார்'. அந்தப் பதவிக்கு நானும் நேர்காணலுக்குப் போனேன். குழுவிடம் என் ஆய்வேட்டைப் பற்றி யாரோ எதையோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நான் இதுவரை வெளியே சொன்னதில்லை.

"சார், நாலாம் அத்தியாயத்துல ஏதோ பார்க்குறீங்களாமே," என்றார்.

"யார் சொன்னது?"

"படிவக் கட்டை வாங்கிட்டுப் போனீங்கன்னு பென்ஜமின் சொன்னாரு."

ஆக, பென்ஜமினும் தகவல் கொடுக்கிறார்.

சுகுமாறன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் உட்காரும்வரை உட்காரவில்லை. இவர்கள் எல்லோருமே அப்படித்தான். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஏமாந்த காலம் உண்டு.

பிப்ரவரி 11, செவ்வாய்

நூலகத்தில் பென்ஜமின் கூப்பிட்டார்.

"சார், உங்க ஆய்வேட்டைக் கேட்டு ஒரு கோரிக்கை வந்திருக்கு. பல்கலைக்கழகத்துலேருந்து வரவழைக்கணும். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர். நீங்க எழுதினதுதானே?"

"கேட்டது யார்?"

"சுகு சார்தான். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும் பாருங்க. உப்பு ஆராய்ச்சியெல்லாம் பண்ணிட்டு வந்து எங்க ஆளுங்ககிட்ட மாட்டிக்கிட்டீங்களே."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"எதுக்காம்?"

"அத அவர் சொல்லல சார். அனுப்பவா, வேணாமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இருபத்தேழு வருடமாக ஒருவரும் தொடாத ஆய்வேடு அது. இப்போது, இந்த வாரம், இந்த ஆள் கேட்கிறார். பின்னால் யார் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

பிப்ரவரி 12, புதன்

ரத்த அழுத்த மாத்திரை போட மறந்தேன். குரங்கு சமையலறை ஜன்னல் வழியாக வந்து கமலாப்பழம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. தோலை ஒரே இடத்தில் குவித்து வைத்திருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

சுகுமாறனை அறைக்கு அழைத்தேன். காலை 11.20. வேறு சாட்சி இல்லை.

"இருநூத்திப் பன்னெண்டுக்கு இருநூத்திப் பன்னெண்டு. எப்படி?"

"ஆமா சார். எனக்கே வெட்கமா இருந்துச்சு."

"வெட்கமா?"

"ஆறாவதுல எழுதியிருக்கேன் சார். பார்த்தீங்களா?"

"நான் வரிசையாத்தான் படிப்பேன்."

"சரி சார்." போவார் என்று நினைத்தேன். போகவில்லை. "சார், உங்க ஆய்வேட்டைக் கேட்டிருக்கேன். சுருக்கம் மட்டும் படிச்சேன். இருநூத்து நாப்பது படிவத்தையும் நேர்ல போய் வாங்கியிருக்கீங்க. அதுவும் ஐப்பசி மழையில. எப்படி சார் முடிஞ்சுது?"

நேராகப் பார்த்துக் கேட்டார். குரலில் கிண்டல் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்ள இவர்களுக்குப் பயிற்சி உண்டு.

"நடந்தேன்," என்றேன்.

"பெரிய விஷயம் சார்."

ஆழம் பார்க்கிறார். நான் அவர் படிவத்தைத் தொட்டால் அவர் என் படிவத்தைத் தொடுவார் என்று சொல்லாமல் சொல்கிறார். வெட்கம் என்று அவர் வாயாலேயே வந்ததைக் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

கடிதத்தை எழுதி முடித்தேன். பல்கலைக்கழகத் தேர்வு அதிகாரிக்கு. நகல் எங்கள் கமாண்டன்ட்டுக்கு. ஒன்றரைப் பக்கம், கணினியில். அட்டவணை எண், படிவ எண்கள், ஒரே கையெழுத்து உள்ள நாற்பத்து மூன்றின் பட்டியல். அவர் முந்திக்கொள்ளும் முன் நான் முந்த வேண்டும். அடியில் பெயர் போட இடம் விட்டிருக்கிறேன். போடுவதா என்று தீர்மானிக்கவில்லை.

சாயங்காலம் பென்ஜமினிடம் பேச்சுக்கொடுத்தேன்.

"இங்க மொட்டைக் கடிதாசி வந்தா என்ன செய்வாங்க?"

"ரெண்டு வருஷம் முந்தி ஒரு விங் கமாண்டர் மேல வந்துச்சு சார். விசாரணை வச்சாங்க. கடைசியில ஒண்ணுமில்லன்னு ஆச்சு. ஆனா அதுக்குள்ள பதவி உயர்வு போர்டு முடிஞ்சுபோச்சு. போனது போனதுதான். மனுஷன் மாலையும் கழுத்துமா போக வேண்டியவரு, ஊருக்குப் போய்க் கோழிப்பண்ணை வச்சிருக்காரு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் சார், யாருக்காச்சும் மொட்டை அடிக்கப் போறீங்களா?"

"சும்மா கேட்டேன்."

"சுகு சாருக்கு ஏப்ரல்ல போர்டு," என்றார்.

நான் சுகுமாறன் பெயரை எடுக்கவே இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

வசுந்தராவிடம் நேரில் சொன்னேன். சொல்லவில்லை என்று பிறகு யாரும் குறை கூறக்கூடாது. படிவங்கள் ஒரே அறையில், ஒரே ஆளால் நிரப்பப்பட்டவை என்றேன்.

அவர் அவசரப்படவில்லை. பேப்பர் வெயிட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"சார், பொய்ப் படிவம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இது அது இல்ல."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"ஆறாவது அத்தியாயத்தைப் படிங்க. அதுல ஒரு பாரா இருக்கு. அத எடுத்துடுங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். ஏன் மேடம்னு கேட்டாரு. என்னால சொல்ல முடியல."

"ஏன் முடியல?"

"இருபத்தேழு வருஷமா யார்கிட்டயும் சொல்லல. இப்ப எப்படிச் சொல்றது, அண்ணா?"

அண்ணா என்றார். தலைவரான பிறகு இதுதான் முதல் தடவை. எதையோ சாதித்துக்கொள்ளத்தான்.

என்ன அர்த்தத்தில் பேசினார் என்று எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

புரியவில்லை என்று நேற்று எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

கடிதத்தை உறையிலிட்டு ஊருக்குள் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் அஞ்சல்பெட்டிவரை நடந்தேன். கழகத்துக்குள் இருக்கும் பெட்டியில் போட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடும். பெயர் போடவில்லை. பெட்டியின் வாயில் கைவைக்கும் தூரத்துக்குப் போனபோது பின்னால் ஒரு ஸ்கூட்டர் நின்றது. பென்ஜமின்.

"என்ன சார், இவ்வளவு தூரம்? ஏறுங்க, கொண்டுவிடறேன்."

"காற்று வாங்க வந்தேன்."

"நல்ல காத்துதான்." கையில் இருந்த உறையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. இறங்கி, பக்கத்து மதில்மேல் உட்கார்ந்துகொண்டார். "சார், அந்தப் படிவம் எழுதின கதை தெரியுமா? என் மச்சான் அந்த பட்டாலியன்லதான் ஹவில்தார், ஆபீஸ் கிளார்க். சனிக்கிழமை பி.டி. முடிஞ்ச கையோட எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துல வரிசையா உட்கார வச்சுட்டாங்க. கமாண்டிங் ஆபீசர் ஆர்டர். ஸ்டோர்லேருந்து ஆளுக்கொரு நீலப் பேனா."

"படிவத்துல 'விருப்பமிருந்தால் மட்டும்'னு போட்டிருக்கே."

"அதையும் சத்தமாப் படிச்சுக் காட்டினாங்களாம். மேலேருந்து 'விருப்பமிருந்தா மட்டும்'னு வந்தா எல்லாருக்கும் விருப்பம் வந்துடும் சார்."

"ஒரு கேள்விகூட விடல."

"சுபேதார் மேஜர் ஒவ்வொண்ணா வாங்கிப் பார்த்து, விட்டவனைத் திருப்பி உட்கார வச்சிருக்காரு."

"நாப்பத்து மூணுல ஒரே கையெழுத்து?"

"அது மச்சான் கை. எழுதக் கூச்சப்பட்டவன் வாயால சொன்னான், இவன் எழுதினான். விரல் வீங்கிப்போச்சுன்னு என் தங்கச்சிகிட்ட ஒரே புலம்பல்."

கேட்ட ஒவ்வொன்றும் பொருந்தியது. அதுதான் எனக்கு உறுத்தியது. இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துவதை நான் நம்புவதில்லை.

உறையைப் போடவில்லை. பென்ஜமின் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் திரும்பினேன்.

மார்ச் 3, திங்கள்

சான்றிதழை 10-ந் தேதிக்குள் கொடுக்க வேண்டும். 20-ந் தேதி எல்லா ஆய்வேடும் பைண்டிங்குக்குப் போகிறது. கடிதத்தில் ஆறாம் அத்தியாயத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தால் கனமாக இருக்கும். அதற்காக எடுத்துப் படித்தேன்.

முதல் பத்தியிலேயே 212 படிவங்களையும் தள்ளிவைத்துவிட்டார். பென்ஜமின் சொன்ன சாப்பாட்டுக் கூடம், நீலப் பேனா, கிளார்க், எல்லாம் அதில் இருக்கிறது. 'இவை சிப்பாய்களின் பதில்கள் அல்ல. ஆணைக்குக் கிடைத்த சல்யூட்' என்கிறார்.

பிறகு அவர் மறுபடி செய்திருக்கிறார். லீவில் போகும் ஒவ்வொருவரிடமும் ஒரு புதிய படிவமும் அஞ்சல்தலை ஒட்டிய உறையும். ஊருக்குப் போய், விருப்பமிருந்தால், பெயரில்லாமல் அங்கிருந்தே தபாலில் போடலாம். 212-ல் 31 உறைகள் திரும்பின. இரண்டில் பாதிக் கேள்விகள் காலி. ஒன்றில் குழம்புக் கறை.

அடிக்குறிப்பு: 'பெயர் கேட்காத இடத்தில்தான் உண்மை பேசும் என்பது முறையியல் வகுப்பில் கற்றது.' நான் சொன்னதுதான். ஒவ்வொரு ஜூலையும் சொல்கிறேன்.

பதினான்காம் கேள்வி: நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்ததுண்டா? உண்டெனில் ஒரு நிகழ்வைச் சொல்லவும். சாப்பாட்டுக் கூடத்தில் 212 பேரும் இல்லை என்றவர்கள், எங்கள் படையில் அப்படி நடக்காது என்று ஒரு வரியும் சேர்த்து. உறையில் 22 பேர் உண்டு என்கிறார்கள். ஒருவர் எழுதியதை அப்படியே கொடுத்திருக்கிறார்: 'மழையில் பாலம் போய்விட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தோம். அந்தக் கிராமத்துக்கு ரோந்து போனதாகவும் அமைதியாக இருப்பதாகவும் எழுதினோம். அன்றைக்கே அங்கே ஒன்பது வீடு எரிந்தது பிறகு தெரிந்தது.'

அதற்குக் கீழே சுகுமாறன், ராணுவ ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால்: 'அந்த அறிக்கையில் கம்பெனி கமாண்டராகக் கையெழுத்திட்டவன் நான். திரும்பி வந்த வண்டியின் சக்கரத்தில் அக்கரைச் செம்மண் இல்லை. பார்த்தேன். கேட்கவில்லை. என் கருதுகோள் தோற்றது.'

பெயரும் பதவியும் போட்டு எழுதியிருக்கிறார், ஏப்ரலில் போர்டு இருக்கும் மனிதர். பைத்தியமா என்று முதலில் தோன்றியது. அனுதாபம் சம்பாதிக்கும் தந்திரமா என்று இரண்டாவது. இரண்டும் நிற்கவில்லை.

அடுத்த பத்தி, வசுந்தரா எடுக்கச் சொன்னது. 'முழுமையான பதில்கள் நேர்மையாகவும் கிடைக்க முடியும் என்பதற்கு முன்மாதிரி சச்சிதானந்தம் (1998). மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் ஒவ்வொருவரையும் வீடு தேடி நடந்து 240 படிவங்களையும் பெற்றார். ஆணையிட்டு வாங்கிய என் 212-க்கும் நடந்து வாங்கிய அந்த 240-க்கும் உள்ள தூரமே இந்த அத்தியாயம்.'

டீ ஆறிவிட்டது. வேறு போடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கீசர் ரிப்பேர். பச்சைத் தண்ணீரில் குளித்தேன்.

மார்ச் 6, வியாழன்

இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

1997 ஐப்பசி. 160 பேரை நிஜமாகவே பார்த்தேன். அது பொய்யில்லை. அதற்குப் பிறகு மழை. உப்பளம் மூடினால் யார் அங்கே இருப்பார்கள்? சனங்கள் கிடைத்த வேலைக்குக் கிடைத்த ஊருக்குப் போய்விட்டார்கள். வழிகாட்டி டிசம்பருக்குள் வேண்டும் என்றார். ஆறுமுகனேரியில் ஒரு லாட்ஜ். இரண்டு பகல். எண்பது படிவம். நான்கு பேனா.

கணினி மையத்தில் எண்களை ஏற்றிக் கொடுத்தது வசுந்தரா. 161-லிருந்து பத்துப் பதினைந்து தட்டியிருப்பார், நிறுத்தினார்.

"அண்ணா, இங்கேருந்து ஒருத்தர்கூட ஒரு கேள்வியும் விடலையே."

"வீடு வீடாப் போனேன். நின்னு வாங்கினேன்."

என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே போனார். எண்பதையும்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தலைவர் பதவி போயிற்று என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை என்கிறார். அது நிஜமானால், என்னை விட்டு அவரை எடுத்ததற்குக் காரணம் வேறு ஏதோ. அதை எழுத விருப்பமில்லை.

எண்பது படிவத்தால் யார் வீடும் எரியவில்லை. இதையும் குறித்துக்கொள்கிறேன். ஆனால் இனி ஒருவர் தன் சேற்றைக் கழுவிக்கொள்ள என் தண்ணீரைத் தொட்டுக்கொள்வார். அந்தப் பக்கத்தில் சரிதான் என்று சான்றளித்து என் கையெழுத்தும் இருக்கும்.

மார்ச் 7, வெள்ளி

சுகுமாறன் எதிரே வந்தார்.

"ஆறாவது பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"ஏதாவது திருத்தம் இருக்கா?"

"ஒரு மேற்கோள் சரிபார்க்கணும்."

"எது சார்?"

"எழுதித் தர்றேன்," என்றேன். சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, நிமிர்ந்து நின்றுவிட்டார். அப்படி நிற்பவரிடம் சொல்ல வரவில்லை.

மார்ச் 8, சனி

கிளாஸை எடுத்துவிட்டு முன்சோதனைப் படிவத்தை வெளியே எடுத்தேன். நடுவில் டீ வட்டம், ஒன்றின்மேல் ஒன்றாக.

முன்சோதனைப் படிவத்தை முடிவில் சேர்க்கக்கூடாது. கெடு முடிந்து ஐந்து மாதம் வேறு. எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுப்பதுதான்.

எல்லாக் கேள்விகளுக்கும் டிக் அடித்தேன். பதினான்காவதில் 'உண்டு'. நிகழ்வுக்கு அவர் விட்டிருந்த மூன்று வரி போதவில்லை. பின்பக்கம் முழுவதும் போனது. ஊர், மாதம், லாட்ஜ், 161 முதல் 240 வரை. கடைசியில், ஆறாம் அத்தியாயத்தில் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, இதை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி.

சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவருடைய முறையியல் சரியானது. என் கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. கிழிக்கலாம். கிழித்தால் நல்லவன் ஆகிவிட்டதாக எனக்கே தோன்றிவிடும். கிடக்கட்டும்.

உறையில் சுகுமாறனின் குடியிருப்பு முகவரி அச்சடித்திருக்கிறது. இருநூறு அடி தள்ளி இருக்கும் வீட்டுக்கு இது மலையிறங்கிச் சேலம் போய், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பி வரும். புதனோ வியாழனோ கிடைக்கும். பைண்டிங்குக்கு ஒரு வாரம் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு அவர் வசுந்தராவிடம் போகலாம், கமாண்டன்ட்டிடம் போகலாம், பல்கலைக்கழகத்துக்கே எழுதலாம். கையெழுத்துப் போட்டு எழுதுகிற ஆள் அவர்.

ஒட்டும் முன் ஒருமுறை பார்த்தேன். ஒன்பதாவது கேள்வியை விட்டிருக்கிறேன். எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. நிரப்பப் பேனாவை எடுத்து, மூடிவைத்துவிட்டேன்.

பெயர் எழுதப்போவதில்லை. படிவம் பெயர் கேட்கவில்லை. எழுதியது சிவப்புப் பேனா; ஜூலையிலிருந்து அவருடைய அத்தியாயங்களின் ஓரத்தில் ஓடுகிற அதே கை. இந்த முறை பேனாவை மாற்றவில்லை. மூன்று மணிக்குத் தபால் எடுப்பார்கள். ஒண்டிக்கடைவரை போக வேண்டாம். கழகத்துப் பெட்டியிலேயே, இப்படியே, பெயரில்லாமல் போடப்போகிறேன்.